இணையச் சந்தையில் நம் பொருளை எந்தப் பெயரில் தேடுகிறார்கள்?



ரயிலே இல்லாத ஊருக்கு ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன் எதற்கு வந்தான் என்று சங்கத்தில் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. மகன் இங்கே வேலையில் இருக்கிறான், வந்துவிட்டேன். ஆனால் இப்போது எழுதப்போகும் விஷயத்துக்கு என் ரயில்வே அனுபவம்தான் கைகொடுத்தது.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம். அந்த வீட்டு மருமகள் தேங்காய்ப் பாலிலிருந்து எண்ணெய் எடுக்கிறாள். கடன் வாங்கி இயந்திரம் போட்டு, உணவுப் பாதுகாப்பு உரிமமும் பெற்று, ஓர் இணையச் சந்தையில் பதிந்து விற்கிறாள். ஒருநாள் மாலை கைப்பேசியும் கையுமாக வந்தாள்.

"மாமா, மூணு மாசத்துல பதினோரு பாட்டில்தான் போயிருக்கு. அதுலயும் நாலு திரும்பி வந்துருச்சு. தவணை கட்டணும். விலையைக் குறைச்சிடவா?"

பொருளின் தலைப்பைப் பார்த்தேன். 'அந்தமான் மரகதத் தீவின் தூய அமுதம், மரச்செக்கு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. தேங்காய் என்ற சொல்லே தலைப்பில் இல்லை!

எங்கள் ஸ்டோர்ஸ் டிப்போவின் பழைய லெட்ஜரில் சாமான் பெயர் தலைகீழாக இருக்கும். தண்டவாள இணைப்புக்குப் போடும் பிஷ் போல்ட்டை 'போல்ட், பிஷ்' என்று எழுதியிருப்பார்கள். கேங்மேன் வந்து பிஷ் போல்ட் கேட்பார். புதிதாக வந்த குமாஸ்தா 'எஃப்' வரிசையில் தேடிவிட்டு ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். சாமான் பத்தடி தள்ளி 'பி' வரிசையில் குவிந்து கிடக்கும். இணையச் சந்தையும் அப்படித்தான். வாங்குபவர் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டுகிறார். அந்தச் சொல் நம் தலைப்பிலோ விவரத்திலோ, விற்பவர் மட்டும் நிரப்பும் தேடுசொல் கட்டத்திலோ இருந்தால்தான் நம் பாட்டில் அவர் கண்ணில் படும். விற்பனை, விலை, மதிப்புரை எல்லாம் அதற்குப் பிறகு.

சரி, மக்கள் எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள் என்று எப்படி அறிவது? இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தேடும் கட்டத்தில் 'தேங்காய் எண்ணெய்' என்று ஆங்கிலத்தில் தட்டி நிறுத்தினால், கீழே ஒரு பட்டியல் விழும். அது பெரும்பாலும் பிறர் தேடியவற்றிலிருந்து வருவது. நாங்கள் பழைய நோட்டு ஒன்றில் அவற்றை எழுதினோம்: சமையலுக்கு, கூந்தலுக்கு, குழந்தைக்குத் தடவ, ஒரு லிட்டர், குளிர்முறையில் பிழிந்தது. பின்னால் ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகச் சேர்த்துத் தட்டினால் இன்னும் வரும். நாம் முன்பு தேடியதை வைத்தும் அது பட்டியலை மாற்றுமாதலால், நம் கணக்கிலிருந்து வெளியேறிப் பார்ப்பது நல்லது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு நமக்கு இதெல்லாம் சாத்தியம். அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும்.

இன்னொரு வழி, அதே பொருளை விற்கும் பிறருடைய மதிப்புரைகளைப் படிப்பது. குளிர்காலத்தில் வடக்கே வாங்கியவர்கள் 'உறைந்து வந்தது, கலப்படம்' என்று எழுதியிருந்தார்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு. அதை விவரத்திலேயே எழுதச் சொன்னேன்.

திரும்பி வந்த நான்கு பாட்டிலுக்குக் காரணம் 'மரச்செக்கு' என்ற சொல். எல்லோரும் தேடுகிறார்களே என்று பார்த்துப் போட்டிருக்கிறாள். மரச்செக்கு எண்ணெய் உலர்ந்த கொப்பரையை ஆட்டி எடுப்பது; அதன் மணமே வேறு. இவள் எடுப்பது 'விர்ஜின்' எண்ணெய், தெளிவாகவும் மெல்லிய வாசத்தோடும் இருக்கும். கொப்பரை மணத்தை எதிர்பார்த்தவர் திருப்பி அனுப்பத்தானே செய்வார்? போக வரச் சரக்குக் கூலி, கடல் தாண்டி. லாபம் அதிலேயே போயிற்று. தேடப்படும் சொல்லாகவும் இருக்க வேண்டும், நம் பொருளுக்கு உண்மையான சொல்லாகவும் இருக்க வேண்டும்.

சமையலுக்கா, கூந்தலுக்கா என்பதிலும் கவனம் தேவை. சிறு பாட்டிலில் வரும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா என்று வரி இலாகா பல ஆண்டு வழக்காடி, கூந்தல் எண்ணெய் என்று விற்காதவரை அது சமையல் எண்ணெயாகலாம் என 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று ஒன்றுக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. 2025 செப்டம்பரிலிருந்து இரண்டுக்கும் 5தான். ஆனாலும் லேபிளில் ஒன்று, தலைப்பில் ஒன்று என்று எழுதாதீர்கள்.

தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். பெரிய சந்தைகள் இரண்டு 2020லேயே தமிழ்ப் பக்கம் திறந்துவிட்டன. ஆனால் தேடுசொல் கட்டத்துக்கு அளவு உண்டு. அளப்பது எழுத்தால் அல்ல, பைட்டால். ஆங்கிலத்தில் 'கோகனட்' 7 பைட். நம் 'தேங்காய்' கண்ணுக்கு நாலெழுத்து, கணினிக்கு 24 பைட்! ஆகவே தமிழ்ச் சொல் ஒன்றிரண்டு போதும். தலைப்பில் உள்ள சொல்லை அங்கே மறுபடி எழுதி இடத்தை வீணாக்கவும் வேண்டாம். பிறருடைய வணிகப் பெயரைப் போடுவது விதிமீறல்.

'அந்தமான்' என்ற சொல்லை நான் தலைப்பின் கடைசிக்குத் தள்ளியதில் அவளுக்கு மனத்தாங்கல்தான். நமக்கு அது பெருமை. ஆனால் எண்ணெய் வேண்டியவர் எண்ணெய் என்றுதான் தட்டுவார். இங்கே சுற்றிப் பார்த்துப் போனவர்தான் அந்தமான் என்று தேடுவார், அவருக்காகக் கடைசியில் இருக்கட்டும். 2024 செப்டம்பரில் நம் ஊர் ஸ்ரீ விஜயபுரம் ஆனாலும் வெளியூர்க்காரர் பலர் போர்ட் பிளேர் என்றே சொல்கிறார்கள். தேடுசொல்லில் அந்தப் பெயரும் சேர்ந்தது.

விலையைத் தொடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆறு வாரத்தில் 34 பாட்டில் போயின. ஒன்றுதான் திரும்பியது, அதுவும் மூடி கசிந்து. இப்போது மூடிக்கு வேறு ஏற்பாடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

விற்பனை செய்யும் சகோதரிகள் யாருக்கேனும் வேண்டுமென்றால், ஞாயிறு மாலை சங்கத்தில் இருப்பேன். கைப்பேசியோடு ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள்.