தொப்புள்கொடியில் எந்தச் செல்?

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரைக்குப் போகும் சாலையில், கீழக்கோட்டையூரில் இருக்கிறது லைஃப்செல் ஆய்வகம். பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தம் அங்கே உறைநிலையில் சேமிக்கப்படுகிறது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கர்ப்பிணிகளுக்கு ‘ஸ்டெம் செல் பேங்க்’ என்ற பேச்சு புதிதல்ல. எந்த ஸ்டெம் செல் என்று கேட்பவர்கள்தான் குறைவு.

தொப்புள்கொடியைக் குறுக்கே வெட்டினால் மூன்று ரத்தக் குழாய்கள் தெரியும். சுற்றிலும் வெள்ளையாக, வழவழவென்று ஒரு கூழ். குழாய் ரத்தத்தில் முக்கியமாக இருப்பவை ரத்தத்தை உருவாக்கும் செல்கள். ரத்தப் புற்றுநோய், தலசீமியா சிகிச்சைக்கு உதவுபவை இவை. எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடிய மீசென்கைமல் செல்கள் நிறைந்திருப்பதோ கூழில்.

இவற்றை முதலில் எலும்பு மஜ்ஜையில் அடையாளம் கண்டவர் சோவியத் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன். பிறகு கொழுப்பு, பல்கூழ், மாதவிடாய் ரத்தம் என்று பல இடங்களில் கிடைத்தன. 2006இல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் பொது அளவுகோல் வகுத்தது: பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி வளர வேண்டும், குறிப்பிட்ட புரதங்கள் மேற்பரப்பில் இருக்க வேண்டும், அந்த மூன்று திசுக்களாகவும் மாற வேண்டும். எல்லாமே பாஸ்தான். குணம்தான் வேறு வேறு.

மஜ்ஜையை இடுப்பெலும்பில் ஊசி குத்தி உறிஞ்ச வேண்டும், வலிக்கும். அதிலும் பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் செல்லுக்கு ஒன்றுதான் தேறும். வயதானால் இன்னும் குறையும். ஆனால் எலும்பாக மாறுவதில் இது கெட்டி. வயிற்றுக் கொழுப்பில் அள்ள அள்ளக் கிடைக்கும். குருத்தெலும்பாவதில் சற்றுச் சுணக்கம். கொடிக்கூழ்ச் செல் இளசு, மளமளவென்று பெருகும். எலும்பாவதில் மஜ்ஜையை எட்டாது. ஆகவே எது உசத்தி என்று மட்டும் கேட்பது, என்னைக் கேட்டால், அரைக்கேள்வி. எந்த நோய்க்கு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உடம்புக்குள் போனபின் இவை பெரும்பாலும் புதுத் திசுவாக மாறுவதுகூட இல்லை. அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்துவிட்டுக் கொஞ்ச நாளில் மறைந்துவிடுகின்றன.

2024 டிசம்பரில் மஜ்ஜைச் செல்லிலிருந்து செய்த ரையோன்சில் மருந்துக்கு, ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் எதிர்விளைவுக்காக, அமெரிக்கா அனுமதி தந்தது. அதே மாதம், கொழுப்புச் செல்லிலிருந்து செய்த அலோஃபிசெல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பிந்தைய பெரிய ஆய்வில் அது பலன் காட்டவில்லை. நம் நாட்டில் அங்கீகாரம் பெற்றது பெங்களூரின் ஸ்டெம்பியூசெல். அதுவும் மஜ்ஜைதான். பீடி, சிகரெட்டால் கால் ரத்தக் குழாய் அடைபடும் பர்ஜர் நோய்க்கு முதலில், 2022இல் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, வணிக முறையில் சேமிக்க அனுமதி உள்ளது தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே. கொடித் திசு, பல்கூழ், மாதவிடாய் ரத்தம், கொழுப்பு எதற்கும் இல்லை. அந்த ரத்தத்தையும் குழந்தையின் சொந்த எதிர்காலத் தேவைக்கென்று வைப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்கிறது அது. அங்கீகாரமில்லாத நோய்க்கு ஸ்டெம் செல்களைச் செலுத்துவதானால் ஆய்வாக மட்டுமே செய்யலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது.