பதினொன்றாம் வகுப்புக்கு மகளை எங்கே சேர்ப்பது?

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் நம் தெருக்களில் இரண்டு வாரத்துக்கு வேறு பேச்சு கிடையாது. ஐந்நூறுக்கு நானூற்று ஐம்பது வாங்கிய பெண்ணின் வீட்டு வாசலில் ஆள் கூடுகிறது. டவுனில் இருக்கும் பெயர்பெற்ற பெண்கள் பள்ளியில் சேர்த்துவிடு என்கிறார் ஒருவர். அங்கே நன்கொடை கேட்பார்கள், இங்கேயே கிடக்கட்டும் என்கிறார் இன்னொருவர். நீட் கோச்சிங்கோடு சேர்த்து விடுதியில் போடு, நகையை அடகு வைத்தாவது கட்டு என்று மூன்றாவது குரல் வரும். பெண் மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி வட்டங்களில் இந்தப் பருவத்தில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு நாம் ஆண்டுதோறும் போகிறோம். வழக்கமாக எல்லோரும் கேட்கும் கேள்வி, எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்பதுதான். பள்ளி மாறினால் எதை இழப்போம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சென்ற ஆண்டு ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளி நம்மிடம் வந்தார். மகள் ஊரிலிருந்த அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள், நல்ல மதிப்பெண். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. நகரத்துப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது, முதல் தவணை கட்ட வட்டிக்கு வாங்கிவிட்டேன் என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்.

“தோழரே, 7.5 ஒதுக்கீடு போய்விடுமே, தெரியுமா?” என்று கேட்டோம்.

“அது எஸ்சி கோட்டாதானே சார்? அது எங்கே போனாலும் இருக்குமே” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒதுக்கீடு என்றாலே சாதிச் சான்றிதழ்தான் என்று நாம் பழகியிருக்கிறோம். ஆனால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு என்பது வேறு கணக்கு. நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காடு பரிந்துரைத்தது, அரசு 7.5 ஆக்கி 2020இல் சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்த 7.5க்கு உள்ளேயும் பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்று வழக்கமான பங்கீடு உண்டு. அதாவது நம் பெண்ணுக்கு இரண்டு கதவு. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ நானூறு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இந்த வழியில் மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்கப் போனார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. இதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு ஆண்டுக்குத் தனியார் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறினால் அந்த ஐந்து ஆண்டும் கணக்கில் வராது. உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசுதானே சம்பளம் தருகிறது, அதுவும் அரசுப் பள்ளிதானே என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் சட்டத்துக்கு அது அரசுப் பள்ளி இல்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிதான்.

அடுத்தது மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கானது. 2024 முதல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அதை நீட்டித்தார்கள். தமிழ்வழி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெயர்பெற்ற உதவிபெறும் பெண்கள் பள்ளிகள் பலவற்றில் ஒரே மதில்சுவருக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன. ஒன்று அரசு சம்பளத்தில் நடக்கும் தமிழ்வழிப் பிரிவு. மற்றது கட்டணம் வாங்கும் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு. சேர்க்கை நாளில் தமிழ்வழியில் இடம் முடிந்துவிட்டது, ஆங்கிலவழியில் வேண்டுமானால் பாருங்கள் என்பார்கள். இடம் கிடைத்ததே என்று நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் கையெழுத்தோடு அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமையும் கைநழுவுகிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020இல் திருத்தியபோது, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் முடித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

எங்கே படித்தாலும் போகாதவையும் உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான கல்வி உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், தனியார் பள்ளியிலும் கிடைக்கும். கல்லூரியில் நமக்குரிய 18 விழுக்காடும் அப்படியே இருக்கும்.

இவ்வளவும் சொன்னதால், நகரத்துப் பள்ளிப் பக்கமே போகாதே என்று பொருள் இல்லை. வக்கீலாக வேண்டும், டாக்டராக வேண்டும், இன்ஜினீயராக வேண்டும் என்கிற பெண்ணுக்குத்தான் 7.5 இழப்பு பெரிது. பி.ஏ. தமிழோ பி.காமோ படித்து ஆசிரியராகவோ கணக்காளராகவோ ஆக நினைப்பவளுக்கு அந்த ஒதுக்கீடு பொருந்தாது. அவள் தமிழ்வழிப் பிரிவில் இடம் கிடைத்தால் உதவிபெறும் பள்ளிக்குத் தாராளமாகப் போகலாம். நல்ல நூலகமும் விளையாட்டு மைதானமும் அவளுக்கும் வேண்டும்தானே.

நம் பள்ளிகளின் குறையையும் மூடி மறைக்கப் போவதில்லை. இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாமல் அரையாண்டு வரை ஓடிய வகுப்புகளைப் பார்த்திருக்கிறோம். ஆய்வகம் பூட்டியே கிடக்கும். தண்ணீர் வராத கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இன்றைக்கும் உண்டு. மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கூடம் தொடங்கியபோது, மற்றப் பள்ளிகளின் வாசல் நமக்கு மூடியிருந்தது. பிச்சையெடுத்த காசிலும் பிடியரிசியிலும் வளர்ந்த பள்ளிகளின் வழியில் வந்தவை இவை. இன்று எல்லா வாசலும் திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, இவற்றின் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விடுகிறார்கள். ஆகவே சேர்க்கைக்கு முன் அரசுப் பள்ளிக்கும் நேரில் போய், உயிரியலுக்கும் இயற்பியலுக்கும் ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேருந்து போகும் தூரத்தில் இருக்கும் அடுத்த அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். பள்ளி மாறலாம், அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால் எதுவும் போகாது.

மாவட்டத்துக்கு ஒன்றாக 38 அரசு மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. தேர்வு வைத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத்தான் எடுக்கிறார்கள், தங்குமிடமும் அங்கேயே. அதில் இடம் கிடைத்த பெண்ணை ‘வயசுப் பெண்ணை வெளியே தங்கவிடுவதா’ என்று நிறுத்திவிட்ட வீடுகளை நமக்குத் தெரியும். அதே வீட்டில் மகனைத் தெரியாத ஊர் விடுதிக்கு அனுப்பியிருப்பார்கள். இதற்குச் சாதி காரணம் இல்லை, நாம்தான் காரணம்.

ஒன்றிய அரசின் ‘சிரேஷ்டா’ திட்டமும் உண்டு. பட்டியல் சாதிப் பிள்ளைகளை நுழைவுத் தேர்வு வைத்து ஒன்பதிலும் பதினொன்றிலும் தனியார் சிபிஎஸ்இ விடுதிப் பள்ளிகளில் சேர்க்கிறார்கள். கட்டணம் அரசுடையது. ஆனால் நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 3,000 இடங்கள்தான். இதில் போனாலும் 7.5 போய்விடும் என்பதைச் சேரும் முன் கணக்கில் வையுங்கள்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் பாடப்பிரிவில் ஏமாறாதீர்கள். அரசுப் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தாத உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு இனவாரி இட ஒதுக்கீடு உண்டு. 18 விழுக்காடு பட்டியல் சாதிக்கு, 1 விழுக்காடு பழங்குடியினருக்கு. நானூறு மதிப்பெண் வாங்கிய நம் பெண்ணிடம் ‘உனக்கு சயின்ஸ் கஷ்டம்மா, தொழிற்பிரிவு எடுத்துக்கோ’ என்று அன்பாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அன்பாகச் சொன்னாலும், அந்தப் பாடப்பிரிவில் பட்டியல் சாதி இடங்கள் எத்தனை, எத்தனை நிரம்பின என்று கேளுங்கள். வாயால் பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள்.

அந்தக் கரும்பு வெட்டும் தோழர் வீட்டில் அன்று இரவே மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினோம். கட்டிய முன்பணத்தில் பாதிதான் திரும்பியது. அவள் பக்கத்து ஊர் அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்ந்து, இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு அடுத்த வேலை, ஆறாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்குவது. கலந்தாய்வு நேரத்தில் ஓடினால் பழைய பள்ளியில் தலைமையாசிரியர் மாறியிருப்பார், பதிவேடு எடுக்க ஆள் இருக்காது. பெயரிலும் பிறந்த தேதியிலும் ஓர் எழுத்து பிசகினாலும் திருத்த நாளாகும். அதனால் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே வாங்கிவிடச் சொல்லியிருக்கிறோம்.