கத்திரி வெயிலில் உதிரும் தக்காளிப் பூ

கோவையில் மொட்டைமாடித் தோட்டம் போட்டிருப்பவர்களுக்கு ஒரு சேதி. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ பிஞ்சாகாமல் உதிரும். இது உரக்குறை அல்ல. யூரியாவை அள்ளிப் போட்டால் வேர்தான் கருகும், பாவம். பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலையை மேலே கட்டுங்கள். தொட்டி மண்ணுக்கு மூடாக்காக நம் பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவைப் பரப்பலாம். தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். நார்க்கழிவிலுள்ள உப்புப் போக முதலில் அதை நன்றாக அலசிவிடுங்கள். மல்லிகைக்கு நிழல் வேண்டாம், வெயில் ஏற ஏறப் பூக்கும் செடி அது. எல்லாச் செடிகளுக்கும் விடியற்காலையில் வேர் நனையத் தண்ணீர் விடுங்கள். மதியம் சுரைக்கொடி துவண்டாலும் பதற வேண்டாம். வெயில் தாழ்ந்தும் நிமிராவிட்டால் மட்டும் மாலையில் இன்னொரு முறை ஊற்றுங்கள்.