விலை கூடிய மடக்குக் கத்தி: வாங்கத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கு அருகே மகளுடன் வசித்து வரும் பெரியவர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். 1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரர் அவர். மண்வெட்டி, அலவாங்கு, கத்தி எல்லாவற்றையும் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். 2015இல் விடுவிக்கப்பட்ட காணிகளுள் அவருடைய துண்டுக் காணியும் ஒன்று. இப்போது அடிக்கடி ஊருக்குச் சென்று மாங்கன்று ஒட்டி வருகிறார்.

சுவிற்சர்லாந்திலிருந்து வரவிருந்த மருமகன், மாமாவுக்கு அந்நாட்டு மடக்குக் கத்தி ஒன்று கொண்டுவர விரும்பினார். அதன் விலையை ரூபாவில் கணக்குப் பார்த்த பெரியவர் திகைத்துவிட்டார். அந்தக் காசுக்கு எத்தனை கன்று வாங்கலாம் என்று எம்மிடம் கேட்டார். பலருக்கும் எழக்கூடிய கேள்விதான் இது.

இரண்டு கத்திகள்

சுவிஸ் கத்தியின் கதை 1884இல் கார்ல் எல்சனர் என்பவரின் பட்டறையில் ஆரம்பமாகிறது. 1891இல் அவர் தமது நாட்டுப் படையினருக்குக் கத்திகளை வழங்கினார். பின்னர் அந்நிறுவனம் விக்டோரிநொக்ஸ் என்று பெயர் பெற்றது. அதன் அலகு இலகுவில் கறள் பிடிக்காத உருக்கு. கத்தரிக்கோல், வாள் அலகு, திருகாணி முடுக்கி என்பனவும் சேரும்போது விலை ஏறுகிறது.

பிரான்சின் மலைநாட்டில் 1890இல் ஜோசப் ஒபினெல் செய்த கத்தியோ மரப்பிடியும் ஒற்றை அலகும் மட்டுமே கொண்டது. கமக்காரர்களின் சட்டைப்பையில் இருந்த கத்தி அது. 1955இல் அலகைப் பூட்டும் வளையம் அதற்குச் சேர்க்கப்பட்டது. அதன் கரி உருக்கு அலகு கல்லில் விரைவாகக் கூர் ஏறும். ஈரம் பட்டால் கறளும் பிடிக்கும்.

எதைப் பார்த்து வாங்குவது?

பெரியவருடன் கொட்டாஞ்சேனைக் கடையொன்றுக்குச் சென்று மலிவான கத்திகளையும் விரித்துப் பார்த்தோம். நாம் கவனித்தவை இவை:

1. அலகை விரித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

2. விரித்த அலகு பூட்டப்படுகிறதா? பூட்டு இல்லாவிட்டால், முதுகுப்பக்கம் அழுத்தம் விழும்போது விரல்மேல் மடங்கும். சிறிய சுவிஸ் கத்திகள் பலவற்றில் பூட்டு இல்லை.

3. வீட்டிலுள்ள கல்லில் தீட்ட முடியுமா? ஒட்டுவதற்கு ஒரே இழுப்பில் வெட்டு விழ வேண்டும். மழுங்கிய அலகு பட்டையைக் கிழிக்கும், கிளை ஒட்டாது.

கணக்கு

500 ரூபாக் கத்தியை வருடந்தோறும் மாற்றினால் 20 வருடத்தில் 10,000 ரூபா. 10,000 ரூபாக் கத்தி 20 வருடம் உழைத்தாலும் செலவு அதேதான். அப்படியானால் விலை கூடிய கத்தி நட்டமில்லை. ஆனால் அதை 20 வருடம் தொலையாமல் வைத்திருக்க வேண்டும். ஒரே இரவில் வீட்டை விட்டு வெளியேறிய எமக்கு இது சிறிய நிபந்தனை அல்ல. நாளாந்தம் கத்தி பிடிப்பவருக்கே இந்தக் கணக்குச் சரிவரும். வெங்காயம் வெட்டவும் கயிறு அறுக்கவும் மட்டும் என்றால் மலிவான கத்தியும் நல்ல தீட்டுக்கல்லும் போதும்.

முடிவு

பல அலகுகள் கொண்ட கத்தி வேண்டாம் எனப் பெரியவர் தீர்மானித்தார். பூட்டு வளையமுள்ள மரப்பிடிக் கத்தி ஒன்றையும் தீட்டுக்கல்லையும் கொண்டுவரச் சொன்னார். மிகுதிக் காசு கன்றுகளுக்கு. விமானத்தில் வரும்போது கைப்பையில் வைக்காமல், சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியில் வைக்கும்படியும் மருமகனுக்கு அறிவித்தோம்.

வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் பூசி மடியுங்கள். இந்தப் பழக்கத்துக்குக் காசு தேவையில்லை. அது இல்லாவிட்டால் எந்த விலைக் கத்தியும் கறளாகிவிடும்.