உதவியும் உரிமையும்

அரசின் பொருளுதவியோடு நிபந்தனைகளும் வருகின்றன. அவை எதுவரை செல்லலாம்? சிறுபான்மையோர் கல்வி நிலையங்களைச் சார்ந்த நாம் இவ்வினாவுக்கு விடை காண, 1957ஆம் ஆண்டின் கேரளக் கல்வி மசோதாவின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த அம்மசோதா, உதவி பெறும் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்க வகைசெய்தது. நிருவாகத்தை அண்டி வாழ்ந்த ஆசிரியர்களுக்கு அது பெருந்துணை. ஆயின், தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்ளவும் அதில் வழியிருந்தது. எதிர்ப்பு வலுக்கவே, குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் உச்ச நீதிமன்றத்தின் கருத்தை நாடினார்.

நீதிமன்றம் 1958 மே 22இல் தன் கருத்தை வழங்கியது. சிறுபான்மையோர் தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தருகிறது. அவ்வுரிமையைத் துறந்தால்தான் உதவி என்று அரசு கூறலாகாது. சிறுபான்மைப் பள்ளிகளை எடுத்துக்கொள்ளும் விதிகள் அவ்வுரிமைக்கு முரணானவை. ஈடு செய்யாமல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தைத் தடுத்தால் அப்பள்ளிகள் நிலைத்திரா. பள்ளி மறைந்தபின் பெற்றோர் தேர்ந்தெடுக்க எது எஞ்சும்?

எனினும், நிருவகிக்கும் உரிமை சீர்கேடாக நிருவகிக்கும் உரிமையாகாது என்பதையும் நீதிமன்றம் வலியுறுத்தியது. தகுதியற்ற ஆசிரியர்களை வைத்துக்கொண்டு, தரமின்றிப் பள்ளி நடத்திவிட்டு, உதவியை உரிமையெனக் கோர இயலாது. மசோதா திருத்தப்பெற்று, 1959இல் ஒப்புதல் பெற்றுச் சட்டமாயிற்று.

தீர்ப்பின் முற்பகுதி நமக்குக் கேடயம்; பிற்பகுதி நமக்குக் கடமை. நியமனத்தில் நேர்மையும், கணக்கில் தூய்மையும், வகுப்பறையில் தரமும் காக்கும் நிலையமே தன் உரிமையைத் துணிவுடன் கேட்கவியலும்.