அரிசி நாட்டில் ஒரு கோதுமை நோய்

மதுரையில் இரவானால் பரோட்டாக் கல் சூடேறிவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ள வீட்டில் சோற்றின் இடத்துக்குச் சப்பாத்தி வந்துவிட்டது. அவசரத்துக்கு ரவை உப்புமாவும் சேமியாவும் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு இவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் இந்தக் கோதுமையே சிலருடைய சிறுகுடலைச் சிதைக்கிறது. அந்தக் கோளாறுக்குச் சீலியாக் நோய் என்று பெயர். 'அது சப்பாத்தி தின்னும் வடநாட்டாருக்கு வருவது, நமக்கு வராது' என்ற எண்ணம் இங்கே பரவலாக உண்டு. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பியிருப்பதால்தான் சிலருக்கு நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மரபுவழியாக இந்நோய்க்கு இடம்கொடுக்கும் உடலில், அந்தப் புரதத்தைக் கண்டதும் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்து, சொந்தக் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில், துவாலையில் நிற்கும் நூல் வளையங்களைப் போல, நுண்ணிய குடலுறிஞ்சிகள் அடர்ந்திருக்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சுபவை அவைதாம். தாக்குதலில் அவை தேய்ந்து தட்டையாகிவிட்டால், நன்றாகச் சாப்பிட்டும் சத்து உடம்பில் ஒட்டாது. இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வரும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும் குறைந்து எலும்பு வலுவிழக்கும். குழந்தை உயரமாக வளராது, பூப்பு தள்ளிப்போகும். சிலருக்குக் கருத்தரிப்பதில் சிக்கல் வரும், சிலருக்குத் தோலில் அரிப்புக் கொப்புளங்கள் தோன்றும். வயிற்றுப்போக்கே இல்லாமலும் இவை வரலாம் என்பதால், குடலை யாரும் சந்தேகிப்பதில்லை. கோதுமைதான் காரணம் என்பதை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

நம் நாட்டு நிலவரத்தை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்ததில், இந்நோய் ஆயிரம் பேருக்கு வடக்கே 8.53, வடகிழக்கே 4.66, தெற்கே வெறும் 0.11 என்ற அளவில் இருந்தது. இதைக் கேட்டதும் 'சரி, நமக்குக் கவலையில்லை' என்று தோன்றும். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் வடக்கே 38.1 சதவீதம் பேரிடம் இருக்க, தெற்கே 36.4 சதவீதம் பேரிடம் இருந்தன. மரபணுவில் பெரிய வேறுபாடில்லை. அப்படியானால் அரிசிதான் காத்ததா? வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே 25 கிராம்தான் உண்டார்கள் என்பது அதற்குச் சாதகமான சான்று. ஆனால் வடகிழக்கிலும் 37 கிராம்தான். கோதுமை கிட்டத்தட்ட நம் அளவுக்கே உண்ணும் அங்கே நோய் நாற்பது மடங்கு! ஆக, கோதுமையின் அளவு மட்டுமே இதை விளக்கிவிடாது. அரிசியை உறுதியான கவசமாக நம்பவும் முடியாது.

'இவ்வளவு அரிதான நோய்க்கு இத்தனை பேச்சு எதற்கு?' என்று கேட்கலாம். 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரப் பகுதியின் மக்கள்தொகை 14 லட்சத்தைத் தாண்டியது. அந்தச் சிறிய விகிதத்தை வைத்துப் பார்த்தாலும் நூறு பேராவது தேறுவார்கள். எல்லோரையும் சோதிக்க வேண்டியதில்லை. மாத்திரை தின்றும் தேறாத ரத்தசோகை, மாதக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கு, வளர்ச்சி நின்ற குழந்தை, இன்சுலின் ஊசியை நம்பி வாழும் முதல் வகைச் சர்க்கரை நோய், இந்நோய் உள்ளவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் என்ற இடங்களில் மருத்துவர் இதையும் நினைத்துப் பார்த்தால் போதும்.

'கோதுமையை நிறுத்திப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே' என்பாரும் உண்டு. அது பெரும் தவறு. ஐஜிஏ வகை எதிர்ப்புப் புரதத்துக்கான ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி வழியே எடுக்கும் சதைத் துணுக்குப் பரிசோதனையும் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே செய்யப்பட வேண்டும். முன்கூட்டி நிறுத்தினால் தடயம் மறைந்துவிடும். வயிற்றுக் கோளாறு நீடிப்பதற்குக் குடல் காசநோய், ஸ்ப்ரூ என்ற குடல் நோய் எனத் தென்னாட்டில் வேறு காரணங்களும் உண்டு. அவற்றுக்கு மருந்து வேறு.

நோய் உறுதியானால் மருந்தில்லை, வாழ்நாள் பத்தியம்தான். நம் ஊருக்கு அது கடினமல்ல. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், குதிரைவாலி, சாமை எதிலும் குளூட்டன் கிடையாது. மறைந்து வருவதில்தான் கவனம் தேவை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மால்ட் சத்துமாவில் பார்லி இருக்கலாம். மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே கேழ்வரகை அரைத்தால் அதிலும் கலந்துவிடும். பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

நோயில்லாதவர் கோதுமைக்கு அஞ்ச வேண்டியதில்லை, நோயுள்ளவர் ஒரு துண்டு பரோட்டாவையும் தொடக்கூடாது. இந்த இருவரையும் பிரித்துச் சொல்வது பரிசோதனை ஒன்றுதான். உங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்கில் தேறாத ரத்தசோகை இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் சீலியாக் நோயைப் பற்றியும் கேளுங்கள்.