போட்டியிட்டு ஓடும் பஸ்களும் பறிபோகும் உயிர்களும்

முன்னால் செல்லும் வாகனத்தை எப்பாடுபட்டேனும் முந்திவிட வேண்டுமென்ற வெறி, எமது நாட்டின் வீதிகளைப் பலிபீடங்களாக மாற்றி வருகின்றது. யுத்தம் ஓய்ந்து ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்த 2018 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 3,000 இற்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் உயிரிழந்தனர். உலகில் 5 முதல் 29 வயது வரையானோரின் மரணத்துக்கு வீதி விபத்தே முதற் காரணமென உலக சுகாதார ஸ்தாபனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

ஆவேசமாக வாகனம் செலுத்துவது என்பது வேகத்தை மாத்திரம் குறிப்பதன்று. இடைவெளியின்றிப் பின்தொடர்தல், இடதுபுறமாக முந்துதல், வளைவுகளில் எதிரே வருவதைப் பாராது முந்துதல், இடைவிடாது ஹோர்ன் அடித்துச் சிறிய வாகனங்களை ஒதுங்கச் செய்தல் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் பஸ் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். சாரதி ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்குள் அத்தூரம் போய்விடுகின்றது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின்னர் வாகனம் நிற்பதற்குத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகின்றது. இத்தனை ஆபத்தையும் விலைக்கு வாங்கிப் பெறும் இலாபந்தான் என்ன? 30 கிலோமீற்றர் தூரத்தை 60 இற்குப் பதிலாக 70 கிலோமீற்றர் வேகத்தில் கடந்தால் மிஞ்சுவது நான்கு நிமிடங்களே!

2005 ஏப்ரல் 27 ஆம் திகதி பொல்கஹவெல, யங்கல்மோதரவில் நிகழ்ந்த அவலத்தை நாடு மறந்திருக்க முடியாது. மற்றொரு பஸ்ஸுடன் போட்டியிட்டு ஓடியதாகக் கூறப்பட்ட பஸ்ஸொன்று, புகையிரதம் வரும் வேளையில் கடவையைக் கடக்க முற்பட்டதில் குறைந்தது 35 பேர் பலியாகினர்.

இதற்குச் சாரதியின் குணத்தை மாத்திரம் குறைகூறுவது பொருந்தாது என்பதே எமது கருத்தாகும். 1979 இல் தனியார் பஸ்கள் மீண்டும் சேவைக்கு அனுமதிக்கப்பட்டதிலிருந்து, பல பஸ்களில் சாரதியினதும் நடத்துநரினதும் வருமானம் அன்றாட வசூலிலேயே தங்கியுள்ளது. உரிமையாளருக்கு உரியதையும் எரிபொருட் செலவையும் கழித்த பின்னர் எஞ்சுவதே அவர்களது வீட்டுக்குச் செல்கின்றது. எனவே, அடுத்த தரிப்பிடத்தில் காத்து நிற்கும் பயணி, முன்னால் செல்லும் பஸ்ஸில் ஏறிவிட்டால் தமது பிழைப்பில் மண் விழுந்துவிடும் என அவர்கள் அஞ்சுகின்றனர். போட்டி இங்கிருந்துதான் ஆரம்பமாகின்றது.

2017 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், பாரதூரமான போக்குவரத்துக் குற்றங்கள் சிலவற்றுக்குக் குறைந்தபட்சம் 25,000 ரூபா தண்டம் முன்மொழியப்பட்டபோது தனியார் பஸ் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தன. தண்டம் அவசியமே. ஆயினும், வசூல் முறைமை மாறாதவிடத்து அத்தண்டப் பணத்தை ஈடுசெய்வதற்காகவும் சாரதி மேலும் வேகமாக ஓட நேரிடும். நிரந்தர மாதச் சம்பளமும், இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களையும் தனியார் பஸ்களையும் ஒரே ஒழுங்கில் இணைக்கும் கூட்டு நேர அட்டவணையும் நடைமுறைக்கு வந்தால் ஓட்டப்பந்தயத்துக்கான காரணமே அற்றுப்போகும்.

பயணிகளும் தமது பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் இரவிரவாகக் கொழும்புக்குப் பயணிப்போரில் பலர், விடியுமுன் கொண்டு சேர்க்கும் பஸ்ஸையே 'நல்ல பஸ்' எனத் தேடிச் செல்கின்றனர். சாரதி கண்மூடித்தனமாக ஓடும்போது வாய்மூடி இருப்பதும் அதற்கு அளிக்கும் சம்மதமே.

விபத்தில் உழைப்பாளியை இழந்த குடும்பத்தில் பிள்ளைகளின் படிப்புப் பாழாகின்றது. உயிர் தப்பியும் அங்கவீனமுற்றவர் காலமெல்லாம் பிறர் தயவில் வாழ நேரிடுகின்றது. சாரதியோ சிறையில் வாட, அவரது குடும்பமும் நிர்க்கதியாகின்றது. அடுத்த பேரவலம் நிகழும்வரை காத்திராது, பஸ் ஊழியரின் சம்பளத்தை வசூலிலிருந்து பிரித்தெடுக்க அரசாங்கமும் பஸ் உரிமையாளர்களும் முன்வர வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.